கருமாதி வீட்டுல பேச்சியோட பட்டமளிப்பு

எங்க குடும்பத்துல ஒருத்தி பட்டம் வாங்குனா. பேரு பேச்சியம்மாள். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அவ மேடை ஏறுனப்போ கை தட்ட எங்காளு ஒருத்தரும் அந்த மண்டபத்துல இல்ல. எல்லாரும் கடலோர ஊரு மெர்சிங்ல ஒரு கருமாதி வீட்டுல இருந்தோம். "கருமாதி அன்னைக்குக் கூத்தடிச்சாளுங்க"ன்னு இப்ப எங்க ஊரு ரெங்கம் பூரா பேச்சு. சொல்றவங்க வாயை என்னால தைக்க முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

பேச்சி ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டுல பொறந்தவ. மூணாம் பாரத்தோட, பதினஞ்சு வயசுல, படிப்பு நின்னுச்சு. படிக்க வராம நிக்கல, தம்பி தங்கச்சிங்க வரிசையா நின்னாங்க, அதனால நின்னுச்சு. அப்புறம் செனாய்ல ஒரு எலக்ட்ரானிக் கம்பெனி. விடியுறதுக்குள்ள கம்பெனி பஸ் ஏறி, பொழுது சாஞ்சு இறங்குவா. கல்யாணம், புள்ள, எல்லாம் அந்த பஸ்ஸுக்கு நடுவுலதான். ஒருநாள் கம்பெனிக்காரன் வேற நாட்டுல கூலி கம்மின்னு மெஷினோட மூட்டை கட்டிட்டான். இவ வீட்டுல உக்காந்தா.

அப்பதான் அவ வீட்டு ஏர்கோன், அதான் ஏசி, ஒழுக ஆரம்பிச்சுச்சு. ரிப்பேருக்கு வந்த பையன் மூடியைத் திறந்தான், இவ பக்கத்துல போய் எட்டிப் பாத்திருக்கா. "ஆன்ட்டி தள்ளி நில்லுங்க, கரண்ட்டு இது"ன்னுட்டான். அவ்வளவுதான். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கேன், வந்து நின்னு கத்துறா.

"அக்கா, எத்தனை வருஷம் போர்டுல ஈயம் வச்சிருக்கேன் நானு? எனக்குப் போய் கரண்ட்டு சொல்லிக் குடுக்கறான்!"

"சரி, என்ன செய்யப் போற? அவனை அடிக்கப் போறியா?"

"கத்துக்கப் போறேன்."

கத்துக்கிட்டா. கொலேஜ் கொமுனிட்டின்னு கவர்மெண்டு நடத்துற தொழில் காலேஜ்ல ஏர்கோன், ஐஸ்பெட்டி ரிப்பேர் பண்ற சர்டிபிகேட் படிப்பு. கூடப் படிச்சதெல்லாம் மீசை முளைக்கிற பசங்க. இவ ஒருத்திதான் பொம்பளை, இவ ஒருத்திதான் முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறவ. ஏணியைத் தூக்கி தோள்ல வச்சுக்கிட்டு எங்க தாமான் குடியிருப்பு ரோட்டுல நடந்து வந்தான்னா ஜன்னல் ஜன்னலா தலை நீளும்.

என் வீட்டுக்காரரு திருச்செல்வம் குடும்பத்துல மூத்த மகன். மூத்தவருன்னா எல்லாத்துக்கும் ஒரு கருத்து வச்சிருக்கணும்னு நினைப்பு. "ஏணி ஏறுற வேலையா பொம்பளைக்கு?"ன்னாரு.

"உங்கம்மா எஸ்டேட்டுல ரப்பர் பால்வாளியைத் தூக்கிட்டு மேடு பள்ளம் ஏறுனப்போ யாரும் இந்தக் கேள்வி கேக்கலயே"ன்னேன். பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு.

பேச்சி பாஸ் பண்ணா. பட்டமளிப்பு மலாக்காவுல ஒரு பெரிய மண்டபத்துலன்னு சொன்னாங்க. ஜூபா எடுத்துட்டு வந்தா, அதான் அந்தக் கறுப்பு அங்கி. என் குசினியில நின்னு போட்டுப் பாத்தா. தொப்பி கொண்டை மேல நிக்கவே மாட்டேங்குது. சரியுது, பிடிக்கிறா, சரியுது. நான் ஊக்கு குத்தி, மேல ரெண்டு கிளிப் போட்டு, "இனி புயல் அடிச்சாலும் அசையாது"ன்னேன். கூட ரெண்டு பேரு போகலாம். ஒண்ணு அவ புருஷன் யுகேந்திரன், இன்னொண்ணு நானு. நான் புதுச் சீலைக்கு ஜாக்கெட்டும் தைச்சு வச்சாச்சு.

அப்பதான் மெர்சிங்ல தங்கராஜு அண்ணன் செத்துப் போனாரு.

தங்கராஜு யாருன்னா, என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். தீவுக்குப் போற படகுங்களுக்கு மெஷின் பாக்குறவரு. சொந்தப் பங்காளிதான், ஆனா ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என்னமோ கல்யாணப் பத்திரிகையில இவரு பேரைப் போடாம விட்டுட்டாங்களாம். அதுக்கு அவங்க மகன் கல்யாணத்துக்கு யாரும் போகக் கூடாதுன்னு உத்தரவு. மெர்சிங் கடலை டிவியில பாத்தாக்கூட சேனலை மாத்துவாரு மனுஷன். அப்படிப்பட்டவரு, சாவு சேதி வந்ததும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டாரு. "பங்காளி தீட்டு. கோயில் கிடையாது, விசேஷம் கிடையாது, பூ கிடையாது. கருமாதிய நாமதான் முன்ன நின்னு செய்யணும்."

செய்யட்டும். செத்தவருக்குச் செய்யறது நல்லதுதான், நான் ஒண்ணும் சொல்லல. பதினாறாம் நாள் புதன்கிழமை விழுந்துச்சு. பட்டமளிப்பு சனிக்கிழமை. புதன்கிழமையே கருமாதி முடிஞ்சு, தண்ணி தெளிச்சு, தீட்டும் கழிஞ்சிரும். பேச்சி மூச்சு விட்டா. நானும்தான்.

இவரு சனிக்கிழமைக்கு மாத்திட்டாரு.

"ஏங்க, பதினாறாம் நாளுன்னா பதினாறாம் நாளுதானே?"

"பசங்கல்லாம் சிங்கப்பூர்ல வேலை செய்றானுங்க. புதன்கிழமை எவன் லீவு குடுப்பான்? இப்பல்லாம் எல்லாரும் சனிக்கிழமைதான் வைக்கிறாங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை வைங்க. சனிக்கிழமை பேச்சிக்குப் பட்டமளிப்பு."

"ஞாயித்துக்கிழமை வச்சா பசங்க திரும்பிப் போறப்ப சாயங்காலம் சிங்கப்பூர் பாலத்துல ஜாம்ல மாட்டிக்குவானுங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க. "சிங்கப்பூர் கம்பெனி லீவுக்காக சாஸ்திரம் நகருது, பாலத்து ஜாமுக்காக நகருது. நம்ம வீட்டுப் பொம்பளை மேடை ஏறப்போறா, அதுக்கு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதா?"

"என்ன பெரிய மேடை? கொலேஜ் கொமுனிட்டி சர்டிபிகேட்டு. தபால்ல அனுப்பச் சொல்லு லா. பங்காளி வீட்டு மருமக கருமாதிக்கு வராம ஆட்டம் போடப் போனான்னா, அப்புறம் என் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. சொல்லி வை."

"வாசப்படிய தினமும் கழுவுறது நானு. யார் மிதிக்கலாம்னு நான் பாத்துக்கிறேன்."

யுகேந்திரன் தம்பி என்ன சொன்னாருன்னு கேப்பீங்க. அண்ணன் பேசறப்போ அவரு செருப்பைத்தான் பாப்பாரு. அந்தச் செருப்புல என்ன எழுதியிருக்கோ தெரியல, இத்தனை வருஷமா படிக்கிறாரு.

மறுநாள் பேச்சி மதில்கிட்ட வந்தா. அழுதிருப்பான்னு நினைச்சேன். அழல. கோவத்துல மூக்கு சிவந்திருந்துச்சு.

"அக்கா, விசாரிச்சிட்டேன். போகலைன்னா மேடையில என் பேரைப் படிக்க மாட்டாங்களாம். வராதவங்களுக்கு சர்டிபிகேட் தபால்ல வருமாம்."

"உங்க மாமாவும் அதைத்தான் சொல்றாரு."

"தபால்ல வர நான் என்ன கரண்ட்டு பில்லா?" அப்புறம் கொஞ்ச நேரம் மதிலைச் சுரண்டிக்கிட்டே இருந்தா. "கம்பெனில நம்பரை வச்சுத்தான்க்கா கூப்பிடுவாங்க. மைக்ல என் பேரைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. பஸ்ஸு கெட்டுப்போய் லேட்டா வந்தேன், ஆபீசுக்கு வரச் சொல்லி கூப்பிட்டாங்க. அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. இன்னொரு தடவை மைக்ல என் பேரு வரணும்க்கா. நல்லதுக்கு வரணும். அவ்வளவுதான்."

"அப்பப் போ."

"நீங்க?"

நான் போயிருக்கலாம். சீலை ரெடி. ஆனா ரெண்டு மருமகளும் போயிட்டா அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். மலாக்காவுல அவ பேரைப் படிக்கிற நேரத்துல மெர்சிங்ல அவ பேரை நாறடிச்சிருப்பாங்க. அங்க பதில் சொல்ல ஒரு வாய் வேணும். எங்க குடும்பத்துல இருக்கிற பெரிய வாய் என்னோடதுதான்.

"நான் கருமாதிக்குப் போறேன். நீ மேடைக்குப் போ. போன்ல லைவ் போடுவாங்கல்ல, அங்கிருந்தே பாக்குறேன்"னேன்.

முதல்நாளே பேச்சி தனியா பஸ் ஏறிட்டா. நாங்க கார்ல மெர்சிங் போனோம்.

சனிக்கிழமை விடியறப்பவே காளியம்மா அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. காளியம்மாதான் தங்கராஜு அண்ணனோட பொண்டாட்டி. கடைசியா பூ வச்சு, வளையல் போட்டு, பொட்டு வச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்தாங்க. தாலியையும் எடுத்தாங்க. நான் அந்த ரூமுக்குள்ள போகல. எனக்குப் பிடிக்காது, போக மாட்டேன். முடிஞ்சு வெளிய வந்து அக்கா பின்கட்டுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தாங்க. கையெல்லாம் மொட்டையா இருந்துச்சு. யாருகூடவும் ஒரு வார்த்தை பேசல.

ஆம்பளைங்க எல்லாரும் சடங்கு செய்ய கடக்கரைக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்க பின்கட்டுல சமைக்கிறோம். நான் வடைக்கு வெங்காயம் வெட்டுறேன். என் நாத்தனார் அங்கம்மா, திருச்செல்வத்துக்கு அக்கா, எதிர்ல உக்காந்து பூசணிக்கா வெட்டுறாங்க. பூசணிக்காயவிட என்னைத்தான் அதிகமா வெட்டுனாங்க.

"எங்க உன் ஓரகத்தி? மகாராணிக்கு இன்னைக்குப் பட்டாபிஷேகமாமே?"

"ஆமாங்க அண்ணி. இன்னும் கொஞ்ச நேரத்துல."

"கொலேஜ் கொமுனிட்டின்னா தையல் கிளாஸ் மாதிரிதானே? என் மருமக டிகிரி முடிச்சவ. அவளே இங்க வந்து கத்தரிக்கா கழுவுறா."

"டிகிரி முடிச்சவளைக் கத்தரிக்கா கழுவ வச்சதுல என்ன அண்ணி பெருமை?"

அந்த மருமக குனிஞ்சு சிரிச்சா. அங்கம்மா அண்ணி பூசணிக்காயை ஓங்கி ஒரு போடு போட்டாங்க.

நான் கையைத் துடைச்சுட்டு போனை எடுத்து, எண்ணெய் டின்னுமேல சாய்ச்சு வச்சேன். சத்தத்தைச் சுத்தமா குறைச்சேன். சாவு வீடு, எனக்கும் அறிவு இருக்கு. லைவ் ஆரம்பிச்சுச்சு. பெரியவங்கல்லாம் கலர் கலரா அங்கி போட்டுக்கிட்டு வரிசையா வர்றாங்க. முன்னால ஒருத்தரு தங்கக் கலர்ல ஒரு பெரிய தண்டைத் தூக்கிட்டு வர்றாரு.

"என்னடி அது, வேலைத் தூக்கிட்டு சாமி ஊர்வலமா?" திட்டிக்கிட்டே அங்கம்மா அண்ணியும் எட்டிப் பாக்குறாங்க.

"அது செங்கோல் மாதிரி அண்ணி. அது மேடைக்குப் போனாத்தான் சபை கூடுனதா அர்த்தமாம். பேச்சி சொன்னா."

தேசிய கீதம் போட்டாங்க. போன்ல கொசு பாடுற அளவுதான் சத்தம். கத்தரிக்கா கழுவிக்கிட்டு இருந்த மருமக பட்டுனு எந்திரிச்சு விறைப்பா நின்னா. பள்ளிக்கூடத்துல பழகுன பழக்கம். அவளைப் பாத்து இன்னொருத்தி. அப்புறம் நான், கையில கத்தியோட. அங்கம்மா அண்ணி மட்டும், "முட்டி வலிக்குது, நாட்டுக்குத் தெரியும்"னு உக்காந்தே இருந்தாங்க.

அப்புறம் ஒருத்தரு பேசுனாரு. பேசுனாரு, பேசுனாரு. பருப்பு வெந்து குழைஞ்சு போச்சு, அவரு முடிக்கல. கடைசியில பேரு படிக்க ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு படிப்பா கூப்பிடுறாங்க. புள்ளைங்க ஏறுது, குனியுது, ஒரு குழலை வாங்குது, இறங்குது.

"அந்தக் குழலுக்குள்ள ஒண்ணும் கிடையாதாமே? ஜூபாவைத் திருப்பிக் குடுத்தாத்தான் நிஜ சர்டிபிகேட்டாமே?" அங்கம்மா அண்ணிக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரியுதோ. "வெத்துக் குழலுக்கா இத்தனை கூத்து?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள பின்னால ஒரு குரலு.

"சத்தத்தைக் கூட்டு."

காளியம்மா அக்கா. அன்னைக்கு அவங்க பேசுன முதல் வார்த்தை அதுதான்.

நான் போனுக்குக் கையை நீட்டுனேன். "அக்கா, மன்னிச்சிருங்க, அணைச்சிடுறேன்."

"கூட்டுன்னு சொன்னேன். ஏர்கோன் படிச்ச புள்ளதானே? சின்னவன் பொண்டாட்டி?"

"ஆமாக்கா."

"ஏன் வரலைன்னு உன் வீட்டுக்காரன் கடுகடுன்னு இருந்தானே, அந்தப் புள்ளதானே?" நாற்காலியை இழுத்து எண்ணெய் டின்னுகிட்ட போட்டுக்கிட்டாங்க. "எனக்கு இன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. ஒருத்திக்கு ஏதோ குடுக்கறாங்கல்ல, அதையாவது பாக்குறேன்."

சத்தத்தைக் கூட்டுனேன். நல்லாவே கூட்டுனேன். பொம்பளைங்க எல்லாரும் வேலையைப் போட்டுட்டு எண்ணெய் டின்னைச் சுத்தி நின்னோம். அடுப்புல எண்ணெய் காஞ்சு புகையுது, யாருக்கும் கவலையில்ல. ஏர்கோன் படிப்பு வந்துச்சு. பசங்களா ஏறுறானுங்க. ஒருத்தன், இன்னொருத்தன். பேச்சியைக் காணோம். பேரு விட்டுப்போச்சோ? ரெண்டு நாற்காலி காலியா இருக்கிறதைப் பாத்து மனசு விட்டுப்போய் திரும்பிட்டாளோ?

அப்ப வந்துச்சு. மலாய்க்கார பொண்ணு ஒருத்தி மைக்ல, நிறுத்தி நிதானமா, முழுப் பேரையும், அப்பா பேரோட சேத்து, படிச்சா. பேச்சியம்மாள், மாரிமுத்து மகள். எங்க பேச்சி மேடையில நடந்து வர்றா. நான் குத்துன தொப்பி அசையல. நடை மட்டும் ஏணி தூக்குற நடை. குனிஞ்சா, வாங்குனா, நிமிந்தா. கூடப் படிச்ச பசங்க கீழ இருந்து "ஆன்ட்டி! ஆன்ட்டி!"ன்னு கத்துறானுங்க.

நான் கரண்டியை எடுத்து அண்டா மூடியில தட்டுனேன். ஆமா, தட்டுனேன். ஒளிச்சு என்ன ஆகப்போகுது? மருமக கை தட்டுனா. எல்லாரும் தட்டுனாங்க. காளியம்மா அக்கா அந்த மொட்டைக் கையால தட்டுனாங்க. வளையல் இல்லாத கை, சத்தம் நல்லாவே கேட்டுச்சு. அங்கம்மா அண்ணி, "அடிப்பாவிகளா, ஊரு காறித் துப்பும்டி"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அதுவும் தட்டுற மாதிரிதான் இருந்துச்சு.

அந்த நேரம் பாத்து ஆம்பளைங்க கடக்கரையிலிருந்து வந்துட்டாங்க. முன்னால என் வீட்டுக்காரரு. ஈர வேட்டி, நெத்தியில விபூதி, பங்காளி முறைக்கு மீசையை வழிச்சிருந்தாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து மீசை இல்லாம அவரை நான் பாத்ததில்ல. அதட்டுறாரு, ஆனா மேலுதட்டைப் பாத்தா பாவமா இருக்கு.

"என்ன இங்க, கல்யாணமா நடக்குது? சாவு வீட்டுல தட்டு தாளம்! எல்லாம் அவ குடுக்கற தைரியம். அந்தப் பேச்சி இனி நம்ம வீட்டுப் பக்கம்..."

"திருச்செல்வம்." காளியம்மா அக்கா எந்திரிக்கல. உக்காந்த வாக்குலயே பேசுனாங்க. "இது யார் வீட்டுக் கருமாதி?"

"இல்லண்ணி, ஒரு மரியாதைன்னு..."

"மரியாதையா? இத்தனை வருஷமா மெர்சிங் எந்தப் பக்கம் இருக்குன்னே உனக்குத் தெரியல. உங்கண்ணன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உன் மரியாதை எந்த பஸ்ஸுல வந்துச்சு? இன்னைக்குத் துக்கம் கொண்டாட வேண்டியவ நானு. நான் தட்டுனேன். உனக்கு வலிச்சா வெளிய பந்தல்ல போய் உக்காரு."

அவரு போகல. ஈர வேட்டியில இருந்து தண்ணி சொட்டுது. பின்னால யுகேந்திரன் தம்பி வழக்கம்போல செருப்பைப் பாக்குறாருன்னு நினைச்சேன். இல்ல. டின்னு மேல இருந்த என் போனைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"முடிஞ்சிருச்சா அண்ணி? ஏறிட்டாளா?"

"ஏறிட்டா. நீங்கதான் பாக்கல."

சொல்லி முடிக்கல, போன் அடிச்சுச்சு. பேச்சி வீடியோ கால்ல வர்றா. பின்னால ஒரே கூட்டம். ஒவ்வொரு புள்ளையையும் சுத்தி அப்பா, அம்மா, பெரியம்மா, பூச்செண்டு, பலூனு. இவ மட்டும் ஒரு தூணுகிட்ட தனியா நிக்கிறா.

"அக்கா! பாத்தீங்களா? பேரைச் சரியா படிச்சாங்களா?"

"முழுசா படிச்சாங்க. மெர்சிங் பூரா கேட்டுச்சு."

"எல்லாரும் குடும்பமா போட்டோ புடிக்கிறாங்க. நான் தூணோட புடிக்கட்டுமா?" சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டா.

"எதுக்குத் தூணு? போனை நெஞ்சுக்கு நேரா எங்க மூஞ்சி வெளிய தெரியற மாதிரி புடி. யாரையாவது எடுக்கச் சொல்லு."

யாரோ ஒரு பையனோட அம்மா, மலாய்க்காரங்க, தன் போன்ல எடுக்கறேன்னு வந்தாங்க. நான் எங்காளுங்களை அதட்டுனேன். "வரிசையா நில்லுங்க! அக்கா நடுவுல. அண்ணி, பூசணிக்காயைக் கீழ வைங்க." அங்கம்மா அண்ணி பூசணிக்காயோடவே வந்து ஓரமா நின்னாங்க. யுகேந்திரன் தம்பி கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு முன்னால வந்து குந்துனாரு. "பேச்சி, நல்லா நிமிந்து நில்லு"ன்னாரு. அவரு பொண்டாட்டிக்கு எங்க முன்னால சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்னு நினைக்கிறேன்.

அந்தம்மா மலாய்ல எண்ணி எடுத்தாங்க.

படம் கழுவி வந்ததும் பாத்தேன். ஜூபா போட்டு நெஞ்சை நிமித்தி நிக்கிறா பேச்சி. ஒரு கையில வெத்துக் குழலு, இன்னொரு கையில போனு. போனுக்குள்ள நாங்க அத்தனை பேரும், கத்தியும் கரண்டியுமா. நடுவுல காளியம்மா அக்கா. எல்லாருக்கும் பின்னால, கழுத்தை நீட்டி எட்டிப் பாக்குற ஒரு மூஞ்சி, மீசை இல்லாம. யாரும் அவரைக் கூப்பிடல, யாரும் இழுக்கல. அவராத்தான் எட்டிப் பாத்திருக்காரு.

ஃபிரேம் போட்டு எங்க ஹால்ல, டிவிக்கு மேல ஆணி அடிச்சு மாட்டிட்டேன். மாட்டுன அன்னைக்கு பேச்சியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். முன் வாசல் வழியா வந்தா, வாசப்படிய மிதிச்சுத்தான் வந்தா. இவரு பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு.

"என்னங்க, சாப்பாடு எடுத்து வைக்கட்டா? தம்பி பொண்டாட்டி வந்திருக்கா."

பேப்பருக்குப் பின்னால இருந்து குரலு வந்துச்சு. "ரூம்ல ஏர்கோன் குளிரே இல்ல. பாக்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. பேரு தெரியும்ல?"

பேச்சியும் நானும் சோறு ஆறட்டும்னு நின்னோம்.

"பேச்சியம்மா"ன்னாரு. "கொஞ்சம் பாரு."

"பாக்குறேன் மாமா. முதல்ல சாப்பிடுறேன்"னு சொல்லிட்டு, அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.